பிளஸ் டூ ஆங்கிலம்: ஒரு வினாத்தாளுக்குள் இரண்டு பாடங்கள்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளியில் 'ஆங்கிலம்' என்ற ஒற்றைப் பெயரின் கீழ் இரண்டு பாடங்கள் நடக்கின்றன. ஒன்று மொழி: சொல், இலக்கணம், கடிதம், சுருக்கம், படித்துப் பொருள் காணுதல். இன்னொன்று இலக்கியம்: செய்யுள், உரைநடை, துணைப்பாடம். முன்பு இவற்றுக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2018-19 கல்வியாண்டிலிருந்து எல்லாம் ஒரே தாளுக்குள் வந்துவிட்டன. தமிழ்வழி, ஆங்கிலவழி இரு பிரிவினருக்கும் பாடநூலும் ஒன்று, தேர்வும் ஒன்று. ஐந்தாறு வயதிலிருந்து ஆங்கிலத்திலேயே எல்லாப் பாடங்களையும் படித்த மாணவியும், ஆங்கிலப் பாட வேளையில் மட்டுமே ஆங்கிலத்தைக் காதில் கேட்ட மாணவரும் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ஒரே வரிக்குப் பொருள் எழுத வேண்டும். இந்தப் பாடத்தின் கடினமும் அழகும் அங்கேதான் தொடங்குகின்றன.

எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. அந்தத் 90 எப்படிப் பிரிகிறது என்பதைப் பெரும்பாலான மாணவர்கள் கூட்டிப் பார்ப்பதே இல்லை. முதல் பகுதியில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டாம் பகுதியில் ஏழு வினாக்களுக்கு 14: நான்கு செய்யுள் வரிகள், மூன்று இலக்கணம். மூன்றாம் பகுதியில் ஏழு வினாக்களுக்கு 21: இடஞ்சுட்டி விளக்குதல் இரண்டு, உரைநடைக் குறுவிடை இரண்டு, பொதுத் திறன் மூன்று. நான்காம் பகுதியில் ஏழு வினாக்களுக்கு 35: உரைநடை, செய்யுள், துணைப்பாடம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பத்தி, பிறகு குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கம், கடிதம் அல்லது கட்டுரை, பிழை காணுதல், படித்தறிதல்.

இலக்கியத்துக்கு நேராக வருவதை மட்டும் கூட்டினால் 8, 6, 6, 15. மொத்தம் 35. சொல்லும் இலக்கணமும் 26. எழுதும் திறனும் படித்தறியும் திறனும் 29. மொழிக்கு 55, இலக்கியத்துக்கு 35 என்ற கணக்கு இது. வகுப்பறை நேரமோ தலைகீழாகச் செலவாகிறது: முக்கால் பங்கு நேரம் பத்திகளை மனப்பாடம் செய்வதிலும் ஒப்பிப்பதிலும் போகிறது. மனப்பாடம் செய்த 35-இலும் கேள்வி சற்றுத் திரும்பினால் பாதி கைநழுவுகிறது.

ஆங்கிலம் ஓரமாகத் தள்ளப்படுவதற்கு வெளிக் காரணமும் உண்டு. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடப்படுகிறது, மருத்துவத்துக்கு நீட். இரண்டிலும் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணுக்கு இடமில்லை. அரசு கலைக் கல்லூரிகளிலும் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாட மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. பி.ஏ. ஆங்கிலத்துக்கு மட்டும் ஆங்கில மதிப்பெண் பார்க்கப்படும். அதனால் 'பாஸ் ஆனால் போதும்' என்ற மனநிலை பள்ளியிலும் வீட்டிலும் பரவிவிட்டது. அதே மாணவர்தான் மறு ஆண்டே கல்லூரியில் ஆங்கில விரிவுரை முன்னால் தடுமாறி உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ் வகுப்பில் இதே மாணவர்கள் அணி படிக்கிறார்கள், பொருள்கோள் படிக்கிறார்கள், தொகைநிலைத் தொடரைப் பிரிக்கிறார்கள். செய்யுளை எப்படி அணுகுவது என்பதில் நல்ல பயிற்சி பெற்றவர்கள். அடுத்த மணி அடித்து ஆங்கில வகுப்பு தொடங்கியதும் அந்தக் கருவிகளையெல்லாம் பைக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். அவற்றை மறுபடி வெளியே எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

செய்யுள்: கொண்டுகூட்டிப் பொருள் காணுதல்

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஆறு செய்யுள்கள். அவற்றுள் மாணவர்கள் அதிகம் அஞ்சுவது ஆல்ஃபிரட் டென்னிசனின் 'யுலிஸிஸ்'. 1833-இல் எழுதப்பட்டு 1842-இல் வெளியான கவிதை. ட்ராய் போர் முடித்துப் பல ஆண்டுகள் கடலில் அலைந்து ஊர் திரும்பிய வீரன், முதுமையில் மறுபடி கடலேறத் துடிப்பதுதான் பாடுபொருள். அதன் தொடக்கம் இது:

இட் லிட்டில் ப்ராஃபிட்ஸ் தட் அன் ஐடில் கிங்,
பை திஸ் ஸ்டில் ஹார்த், அமங் தீஸ் பாரன் க்ராக்ஸ்,
மேட்ச்டு வித் அன் ஏஜ்டு வைஃப், ஐ மீட் அண்ட் டோல்
அன்ஈக்வல் லாஸ் அன்டு எ சாவேஜ் ரேஸ்

இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. எழுவாய் எங்கே என்று தேட வேண்டும். 'ஐ' என்ற எழுவாய் மூன்றாம் அடியின் நடுவில் ஒளிந்திருக்கிறது. முதல் அடியிலேயே வரும் 'ஐடில் கிங்' அந்த 'ஐ'யைப் பற்றிய விளக்கம். பயனிலை 'மீட் அண்ட் டோல்': அளந்து பங்கிட்டுக் கொடுப்பது. செயப்படுபொருள் நான்காம் அடியில் வரும் 'அன்ஈக்வல் லாஸ்'. இவற்றை எடுத்து வரிசையாக வைத்தால், 'வேலையற்ற அரசனாகிய நான், அணைந்த அடுப்பைப்போல் அசைவற்ற இந்த வீட்டில், விளையாத பாறைகளிடையே, வயதான மனைவியோடு இருந்துகொண்டு, பண்படாத மக்களுக்குச் சமமற்ற சட்டங்களை அளந்து கொடுத்துக்கொண்டிருப்பதில் பயன் ஏதுமில்லை' என்று வரும்.

பல அடிகளில் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கு ஏற்றபடி எடுத்துக் கூட்டுவதற்கு நன்னூல் வைத்த பெயர் கொண்டுகூட்டுப் பொருள்கோள். ஓரடிக்குள்ளேயே மாற்றிக் கூட்டினால் மொழிமாற்று. தமிழ்த் தேர்வுக்காகப் படித்த அந்த எட்டு வகையில் இந்த இரண்டை மட்டும் ஆங்கிலச் செய்யுளுக்குக் கொண்டுவந்தால் போதும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, மீதியை அடைமொழிகளாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு செய்யுளை இப்படிப் பிரிக்க ஒரு பாட வேளை ஆகலாம். அதன் பிறகு கைடு தேவைப்படாது.

அதே நான்கு அடிகளில் நான்கு பொறிகளும் இருக்கின்றன. 'லிட்டில்' என்பதைச் 'சிறிது பயன் உண்டு' என்று எழுதுகிறார்கள். முன்னால் 'எ' இல்லாத 'லிட்டில்' ஏறக்குறைய 'இல்லை' என்ற பொருள் தரும். 'எ லிட்டில்' என்றால்தான் கொஞ்சம் உண்டு. 'ஸ்டில்' இங்கே 'இன்னும்' என்று பொருள்படாது, அசைவற்றது என்று பொருள். 'ரேஸ்' ஓட்டப்பந்தயம் ஆகாது, மக்கள் கூட்டம். 'மீட்' என்பது ஒலியில் சந்திப்பதைப் போலிருந்தாலும் எழுத்து வேறு, பொருள் அளத்தல். இந்த நான்கையும் தெரிந்துகொண்டவர் ஒரு மதிப்பெண் பகுதிக்கும் இலக்கணத்துக்கும் சேர்த்தே படித்துவிட்டார். மொழியும் இலக்கியமும் தனித்தனியாகத் தெரிந்தாலும் படிக்கும்போது ஒன்றையொன்று தாங்குவது இப்படித்தான்.

அணி எது என்று கேட்டால்

செய்யுள் வரிகளைத் தந்து 'இதில் வரும் அணி எது' என்று கேட்பது ஒவ்வோர் ஆண்டும் வரும் வினா. மனப்பாடப் பட்டியல் வைத்துப் படிப்பவர்கள் வரி மாறினால் தவறவிடுகிறார்கள். தமிழில் படித்த உவமை, உருவகம் இரண்டும் இங்கே நேராகப் பொருந்தும். உவம உருபு வெளிப்படையாக வந்தால் சிமிலி. ஆங்கிலத்தில் உருபாக நிற்பவை பெரும்பாலும் 'லைக்', 'ஆஸ்' ஆகிய இரண்டுதான். உருபு இல்லாமல் ஒன்றை மற்றொன்றாகவே சொன்னால் மெட்டஃபர். ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் இரண்டாம் அங்கம், ஏழாம் காட்சியிலிருந்து எடுத்த பகுதியில், பள்ளிக்குப் போக மனமில்லாத சிறுவன் 'லைக் ஸ்நெயில்' ஊர்கிறான்: உருபு இருக்கிறது, உவமை. போர்வீரன் தேடிப் போகும் புகழை 'பபிள் ரெப்யுடேஷன்' என்கிறார்: உருபு இல்லை, புகழே நீர்க்குமிழி, உருவகம். உலகமே மேடை என்ற முதல் வரியும் உருவகம்தான்.

எச்சரிக்கை ஒன்று: 'லைக்' என்ற சொல்லைக் கண்டதும் சிமிலி என்று எழுதிவிடக் கூடாது. அது 'விரும்பு' என்ற வினையாகவும் வரும். எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்.

இதே பகுதியில் மனித வாழ்வின் ஏழு பருவங்கள் வருகின்றன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று எண்ணிப் பழகிய தமிழ் மாணவருக்கு ஏழு என்ற எண் நினைவில் நிற்பது எளிது. வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். நம்முடையது பெண்ணின் பருவம், உலா இலக்கியத்தில் அழகைப் பாட வந்த வரிசை. ஷேக்ஸ்பியரின் வரிசை ஆணின் வாழ்வு, கைக்குழந்தையில் தொடங்கிப் பல்லும் கண்ணும் சுவையும் எல்லாமும் இழந்து முடிகிறது. இந்த ஒப்பீட்டை இரண்டு வாக்கியத்தில் பத்தி விடையில் சேர்த்தால், அது கைடில் இல்லாத, மாணவரே சிந்தித்த விடை என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

இன்னும் நுட்பமான இடம் தோரு தத்தின் 'அவர் கேசுவரினா ட்ரீ'. கேசுவரினா என்றால் சவுக்கு. கடலோரக் கிராமத்து மாணவர்களுக்கு அந்த மரத்தை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. காற்றில் அது எழுப்பும் ஓசையை அவர்கள் காதால் கேட்டிருப்பார்கள். கல்கத்தாவில் 1856-இல் பிறந்து 1877-இல், 21 வயதில் மறைந்தவர் தோரு தத். அண்ணனையும் அக்காளையும் முன்பே பறிகொடுத்தவர். மரத்தைச் சுற்றிய கொடியை அவர் பெரிய மலைப்பாம்போடு ஒப்பிடுகிறார். அதில் 'லைக்' இருக்கிறது, உவமை. பின்னால் மரத்திலிருந்து வரும் ஓசையைக் கேட்டு, 'இட் இஸ் த ட்ரீஸ் லமென்ட்' என்கிறார், மரம் அழுகிறது என்று. காற்றால் இயல்பாக எழும் ஓசைமேல் கவிஞர் தன் துயரத்தை ஏற்றுகிறார். இதைத் தமிழில் எங்கே படித்தோம்? மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடியதை, கோவலனே வராதே என்று கைகாட்டி மறித்ததாக இளங்கோவடிகள் பாடிய இடத்தில். தற்குறிப்பேற்ற அணி. ஆங்கிலத் தேர்வில் இதற்கு 'பெர்ஸானிஃபிகேஷன்' என்று எழுத வேண்டும். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. உயிரற்றதை ஆளாகக் காட்டும் எல்லா இடத்துக்கும் ஆங்கிலச் சொல் பொருந்தும், தற்குறிப்பேற்றம் இயல்பான நிகழ்வின்மேல் குறிப்பை ஏற்றும்போது மட்டுமே. ஆனாலும் மரம் ஏன் அழுகிறது என்று விளக்கம் எழுதும்போது தமிழில் படித்தது கைகொடுக்கும்.

ஓசையில் மட்டும் தமிழ் வழி செல்லாது. நம் யாப்பு குறில், நெடிலைப் பார்த்து நேர், நிரை என்று அசை பிரிக்கும். ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தை எண்ணும்: அழுத்தமில்லாத அசை ஒன்று, அழுத்தமுள்ள அசை ஒன்று, இப்படி ஐந்து இணை சேர்ந்தால் ஐயாம்பிக் பெண்டாமீட்டர். 'யுலிஸிஸ்' இந்த அளவில், இயைபு இல்லாமல் நடக்கிறது. அதற்குப் பெயர் பிளாங்க் வெர்ஸ். மேசையில் விரலால் தட்டியபடி வாய்விட்டு நான்கு முறை படித்தால் பிடிபட்டுவிடும். கண்ணால் மட்டும் படித்தால் ஒருபோதும் பிடிபடாது.

இடஞ்சுட்டி விளக்குதல்

மாணவர்கள் வாயில் இது 'இ.ஆர்.சி.' (எக்ஸ்ப்ளெய்ன் வித் ரெஃபரன்ஸ் டு த கான்டெக்ஸ்ட்). ஒரு வரிக்கு மூன்று மதிப்பெண், தேர்வில் இரண்டு எழுத வேண்டும். விடையில் வேண்டியவை: பாடலும் கவிஞரும், யார் எந்தச் சூழலில் சொல்கிறார், வரியின் பொருள், ஒரு கருத்துரை. முதல் இரண்டும் எல்லாருக்கும் வந்துவிடுகின்றன. மூன்றாவதில்தான் வழுக்குகிறது.

'ஐ ஆம் எ பார்ட் ஆஃப் ஆல் தட் ஐ ஹேவ் மெட்' என்ற யுலிஸிஸ் வரியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான விடைத்தாளில் 'அவர் பல ஊர்களுக்குச் சென்று பல மனிதர்களைச் சந்தித்தார்' என்று இருக்கும். வரி அதைச் சொல்லவில்லை. சந்தித்தவை எல்லாம் எனக்குள் இருக்கின்றன என்றுகூடச் சொல்லவில்லை. சந்தித்த எல்லாவற்றிலும் நான் ஒரு பகுதி என்கிறது. போன இடங்களிலும் பழகிய மனிதரிடத்திலும் தன்னில் ஒரு துண்டை விட்டுவிட்டு வந்தவர் பேசுகிறார். அதனால்தான் ஓரிடத்தில் அரசனாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. அடுத்த வரி 'யெட்' என்று தொடங்குவதையும் பார்க்க வேண்டும்: இவ்வளவு பார்த்தும், அனுபவம் என்பது ஒரு வளைவு, அதன் வழியே இன்னும் போகாத உலகம் மின்னுகிறது என்று அந்த 'யெட்' கதவைத் திறக்கிறது. முன் வரி என்ன, பின் வரி என்ன என்று பார்த்து எழுதினால் விளக்கம் தானே வரும். கொடுத்த வரியை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தால் வராது.

வரியை எந்தப் பாடல் என்று தவறாக அடையாளம் கண்டால் முழு விடையும் போய்விடும் என்பதால், ஆறு செய்யுள்களின் சொல்வாசனையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கடலும் நட்சத்திரமும் பயணமும் என்றால் டென்னிசன், மரமும் நினைவும் என்றால் தோரு தத், கோட்டையும் மதிலும் காவலனும் என்றால் எட்வின் முயிரின் 'த காஸில்', அறிவுரை சொல்லும் தந்தை என்றால் கார்ல் சாண்ட்பர்க், போர்க்களத்து நெப்போலியன் என்றால் பிரௌனிங்.

உரைநடை: கேள்வி திரும்பினால்

பாடநூலில் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய தேநீர்க் கட்டுரை இருக்கிறது. நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகள் சொல்கிறார். இந்திய அல்லது இலங்கைத் தேயிலை வேண்டும், தேநீர்ப் பானையை முதலில் சூடாக்க வேண்டும், கெட்டில் இருக்கும் இடத்துக்குப் பானையைக் கொண்டுபோக வேண்டும், முதலில் தேநீர் பிறகு பால், சர்க்கரை கூடாது. மாணவர்கள் பதினொன்றையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 'விதிகள் எவை' என்று கேட்டால் ஐந்துக்கு ஐந்து. 'ஒரு சாதாரணப் பானத்தைப் பற்றி எழுத்தாளர் ஏன் இவ்வளவு தீவிரமாகப் பேசுகிறார்' என்று கேட்டாலும் அதே பதினொரு விதிகளை எழுதிவிட்டு வருகிறார்கள். இந்த வினாவுக்குக் காலம் தெரிய வேண்டும். போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த பிரிட்டனில் தேயிலை ரேஷனில் கிடைத்தது. 1940-இல் தொடங்கிய அந்தப் பங்கீடு 1952 வரை நீடித்தது. அளந்து கிடைக்கும் பொருளை வீணாக்காமல் முழுச் சுவையோடு குடிப்பது எப்படி என்ற அக்கறை அது. நம் வாசகர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம்: அவர் கேட்ட இலங்கைத் தேயிலையைக் கொழுந்து கிள்ளி அனுப்பியவர்கள் மலையகத் தமிழர்கள்.

உரைநடைப் பாடங்களுள் தமிழ் மாணவருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு 'த சேர்'. கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' சிறுகதையின் மொழிபெயர்ப்பு. வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் முக்காலியில் உட்கார்ந்து உருண்டுவிழ, அதன் பிறகு வீட்டுக்கு ஒரு நாற்காலி செய்கிறார்கள். ஊரில் ஒரு சாவு விழ, பிணத்தை உட்கார வைக்க அது இரவல் போகிறது. திரும்பி வந்த நாற்காலியில் உட்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே பயம். மூலக்கதையைத் தேடி எடுத்து முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் மொழியறிவு வேறெந்தப் பயிற்சியிலும் கிடைக்காது. கரிசல் வழக்கில் ஒரு சொல்லில் முடிந்தது ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக நீளும். கதையில் வரும் 'மாமனார்' என்ற உறவும் அதற்குள் இருக்கும் மரியாதையும் கேலியும் எப்படிக் கடந்துபோயின, எங்கே நின்றுவிட்டன என்று ஒவ்வோர் இடமாகக் குறித்துக்கொள்ளலாம். கிராமத்தில் பிணத்தை ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று வெளிமாநில மாணவருக்கு அடிக்குறிப்பு வேண்டும். நம் மாணவருக்கு வேண்டாம். இந்த ஒரு பாடத்திலாவது கைடைத் தொடாமல் விடை எழுதிப் பழக வேண்டும்.

பத்தி விடையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. மெதுவாகக் கற்போருக்கென்று எல்லாப் பாடத்துக்கும் பொருந்துகிற 'பொதுப் பத்தி' ஒன்று பல இடங்களில் சுற்றில் இருக்கிறது. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் மாற்றிக்கொண்டு எழுதுவது. ஐந்துக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும், தேர்ச்சிக்கு உதவும் என்பது அதைத் தருபவர்களின் கணக்கு. அந்தப் பிள்ளைகள் மேல் அவர்களுக்கு அக்கறை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எட்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்யும் நேரத்தில், ஒரு கதையிலிருந்து யார், எங்கே, என்ன நடந்தது, ஏன், முடிவில் என்ன என்று ஐந்து எளிய வாக்கியங்களை அந்த மாணவரே கட்டலாம். எழுவாயும் வினையும் ஒத்துப்போகிற ஐந்து சிறு வாக்கியங்கள் பொதுப் பத்தியைவிட அதிக மதிப்பெண் பெறும். அடுத்த கதைக்கும் அதே கேள்விகள் உதவும்; மனப்பாடப் பத்தி உதவாது.

தமிழ் எங்கே இழுக்கிறது

இலக்கணப் பிழைகள் கவனக்குறைவால் வருபவை என்று ஆசிரியர்களே நினைப்பதுண்டு. பெரும்பாலானவை தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்தில் சரியாகக் கடைப்பிடிப்பதால் வருபவை. காரணம் தெரிந்தால் பிழை நிற்கும்.

பிறர் கூற்று நல்ல எடுத்துக்காட்டு. 'வருகிறேன் என்றான்' என்னும்போது 'என்று' முழு வாக்கியத்தையும் அப்படியே தூக்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காலம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'செட்' என்று இறந்தகாலம் வந்ததும் உள்ளே உள்ள வினையும் ஒருபடி பின்னே போகிறது: 'வில்' போய் 'வுட்', 'இஸ்' போய் 'வாஸ்', 'டுமாரோ' போய் 'த நெக்ஸ்ட் டே'. கேள்வியாக இருந்தால் இன்னொரு மாற்றமும் உண்டு. 'வேர் ஆர் யூ கோயிங்' என்பது 'ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்' என்று சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்ப வேண்டும். 'வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதுபவர்கள் காலத்தை மாற்றிவிட்டு வரிசையை மாற்ற மறந்தவர்கள்.

'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவது 'பற்றி' என்ற சொல்லின் இழுப்பு. 'டிஸ்கஸ்' தன்னிலேயே அதை வைத்திருக்கிறது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது 'பார்த்திருக்கிறேன்' என்ற வடிவத்தின் நிழல். நேற்று என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலம் 'ஸா' என்று நேர் இறந்தகாலத்தையே கேட்கும். 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவது இன்னொன்று. இரண்டில் ஒன்றுதான் நிற்கும். தமிழில் எல்லாவற்றுக்கும் 'இல்லையா' என்று ஒரே வாலை ஒட்டலாம். ஆங்கில வால் (கொஸ்டின் டேக்) முன்னால் உள்ள துணைவினையைப் பார்த்து மாறும், உடன்பாட்டுக்கு எதிர்மறை, எதிர்மறைக்கு உடன்பாடு. 'எ', 'அன்', 'த' மூன்றும் நமக்கு இல்லாதவை என்பதால் அவை விடுபடுவதும் தேவையில்லாத இடத்தில் நுழைவதும் நிற்க நாளாகும். பிழை காணும் ஐந்து மதிப்பெண் வினாவில் இந்த ஐந்தாறு இடங்களே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன.

சுருக்கம் எழுதுவதற்கு ஓர் அளவு இருக்கிறது: மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 150 சொல் பத்தி என்றால் 50 சொல். முதலில் எடுத்துக்காட்டுகள், மேற்கோள்கள், திரும்பச் சொன்னவை மூன்றையும் அடித்துவிட வேண்டும். மீந்ததைச் சொந்த வாக்கியத்தில் வரைவாக எழுதி, திருத்தி, தலைப்பிட்டு நற்படி எழுத வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து ஒட்டுவதுதான் வழக்கமான தவறு. கட்டுரையாசிரியர் முக்கியக் கருத்தைக் கடைசியில் வைத்திருந்தால் அதுவே விடுபட்டுப்போகும். கடிதத்தில் முகவரி, நாள், விளிப்பு, முடிப்பு ஆகியவை பழக்கத்தில் வருபவை; நான்கு முறை எழுதிப் பார்த்தால் போதும்.

கேட்பதும் பேசுவதும் பொதுத்தேர்வில் இல்லை. அதனால் வகுப்பிலும் இல்லாமல் போகின்றன. துணைப்பாடத்தில் 'த ஹவர் ஆஃப் ட்ரூத்', 'ரிமெம்பர் சீஸர்' என்று இரண்டு ஓரங்க நாடகங்கள் இருக்கின்றன. பாத்திரம் பிரித்துக்கொண்டு நான்கைந்து பேர் உரக்கப் படித்தால் ஒரே வேளையில் பாடமும் முடியும், நாக்கும் பழகும். கதைச்சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு நகலெடுக்கச் சொல்வதைவிட அதற்கு நேரம் குறைவுதான் ஆகும்.

மூன்று மணி நேரம்

180 நிமிடத்துக்கு 90 மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். ஆனால் சமமாகப் பங்கிடக் கூடாது. முதல் பகுதிக்கு 20 நிமிடம் போதும்; தெரிந்தால் உடனே தெரியும். இரண்டாம் பகுதிக்கு 25, மூன்றாவதுக்கு 45, நான்காவதுக்கு 80. மீதம் 10 நிமிடம் திருப்பிப் பார்க்க. ஒரு மதிப்பெண் வினாவில் எழுத்துக்குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறது வினாத்தாள்; 'பி' என்று மட்டும் எழுதிவிட்டு வரக் கூடாது. பொருட்சொல் வினாவில் தெரியாத சொல் வந்தால், அடிக்கோடிட்ட சொல் பெயரா, வினையா, அடையா என்று பார்த்து வகை பொருந்தாதவற்றை முதலில் நீக்கலாம்.

கேள்வித்தாளைப் படிக்கத் தரும் முதல் பத்து நிமிடத்தில் படித்தறிதல் பத்தியை வாசிக்கத் தொடங்குவது வீண்; அதை எழுதும் வேளையில் மறுபடி வாசிக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் இடஞ்சுட்டும் மூன்று வரிகளையும் பார்த்து எந்த இரண்டுக்கு முன் வரியும் பின் வரியும் நினைவிருக்கிறது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு மூன்று பத்தி வினாக்களில் உள்ள வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். விவரிக்கச் சொல்கிறதா, காரணம் கேட்கிறதா, ஒப்பிடச் சொல்கிறதா என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.